பெண்கள் நேரம்: நாலு மணி முதல் ஐந்து மணி வரை

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் கிழக்குத் தாம்பரத்தில் ஒரு பள்ளியில் அறிவியல் ஆசிரியையாக இருந்தேன். ஏழாம் வகுப்புக்குச் சரிவிகித உணவு என்ற பாடத்தை நடத்துவது என் பொறுப்பு. கொழுப்பு மிகுந்த பண்டங்களைத் தவிர்க்க வேண்டும் என்று கரும்பலகையில் எழுதிவிட்டுத் திரும்பி நிற்பேன். எழுதியதில் பாதி எனக்குப் பின்னால் மறைந்துவிடும். "டீச்சர், கொஞ்சம் நகருங்க" என்று பின்வரிசைப் பெண்கள் கேட்பார்கள். நகர்வேன். அப்போது மறுபாதி மறையும்.

அந்த வருடம் பள்ளியின் இரண்டாம் மாடிக்கு ஏறினால் தலை சுற்றத் தொடங்கியது. அரசு மருத்துவமனைக்குப் போனேன். அங்கிருந்த டாக்டரம்மாள் என்னைவிட வயதில் சின்னவர். ரத்த அழுத்தம் பார்த்தார். இன்னொரு தடவை பார்த்தார். பிறகு பேனாவை மூடினார்.

"டீச்சர், மாத்திரை எழுதறதுக்கு முன்னாடி வேற ஒண்ணு எழுதிப் பார்க்கறேன். மூணு மாசம் ஒழுங்கா செய்யணும்."

அவர் எழுதிக் கொடுத்தது உடற்பயிற்சிக் கூடத்துக்கான ஒரு சீட்டு. எடை குறைக்க வேண்டியவர்கள் டாக்டர் சீட்டோடு வந்தால் இலவசமாகப் பயிற்சி செய்யலாம் என்று நகராட்சி ஒரு கூடம் திறந்திருந்தது. அரசுப் பணத்தில் கட்டியது. நாள் முழுக்க ஆண்களுக்கு. மாலை நாலிலிருந்து ஐந்து வரை பெண்களுக்கு. பள்ளி மூன்றரைக்கு விட்டுவிடும் என்பதால் நான் தப்பிக்க வழியில்லை.

கூடத்தைப் பார்த்துக்கொண்டவரை எல்லோரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். அறுபது வயது, கையெல்லாம் கயிறு முறுக்கிய மாதிரி இருக்கும். சீட்டை வாங்கிப் பார்த்து, "எடை எழுதலியேம்மா. எங்ககிட்ட மெஷின் இல்லை. ஆஸ்பத்திரியில பார்த்துட்டு வந்துடுங்க" என்றார்.

ஆஸ்பத்திரி இரண்டு தெரு தள்ளி இருந்தது. ரேஷன் கடை பக்கத்திலேயே இருந்தது. உடற்பயிற்சிக்கு வந்த நான், நடக்கச் சோம்பல்பட்டு ரேஷன் கடைக்குப் போய், அரிசி மூட்டை நிறுக்கும் தராசில் ஏறி நின்றேன். மண்ணெண்ணெய்க்கு வரிசை நின்றிருந்தது. கடைக்காரர் எடைக்கல்லை ஒவ்வொன்றாக வைத்து, பழக்க தோஷத்தில் சத்தமாகவே சொன்னார்: "எண்பத்து மூணு. சாக்கோட."

வரிசை மொத்தமும் என் புடவையைப் பார்த்தது.

பெண்கள் நேரத்தில் மாஸ்டர் உள்ளே வரமாட்டார். வந்தால் மரியாதை இல்லை என்பது அவர் எண்ணம். வாசலில் ஸ்டூலைப் போட்டு, எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு, தெருவைப் பார்த்தபடி பயிற்சி சொல்வார். "கையைத் தூக்குங்க. ஒன்… டூ… த்ரீ… வெரிகுட். இறக்குங்க." உள்ளே யாராவது கையைத் தூக்கினார்களா என்று அவருக்குத் தெரியாது. தெருவில் போகிறவர்கள், அவர் காய்கறி வண்டிக்கு வெரிகுட் சொல்வதாக நினைத்திருக்கக்கூடும்.

முதல் வாரம் பதினோரு பேர் வந்தோம். என் தெருக்காரர்கள், பள்ளியில் கூட வேலை பார்த்தவர்கள், நானே பேசி, டாக்டரிடம் சீட்டு வாங்க வைத்து அழைத்து வந்தவர்கள். மூன்றாவது நாள் நான் ஓடாத சைக்கிளில் ஏறி மிதித்தேன். புடவைத் தலைப்பு சங்கிலியில் சுற்றிக்கொண்டது. இறங்கவும் முடியவில்லை, மிதிக்கவும் முடியவில்லை. வெளியே மாஸ்டர், "நல்லா மிதிங்க, விடாதீங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்போது என்னிடம் வந்தவர் ஒரு மீன்காரம்மா. விடியற்காலையில் பஸ் பிடித்துக் கோவளம் போய், படகு வந்ததும் மீன் எடுத்துக்கொண்டு திரும்பி, சிட்லபாக்கம் தெருக்களில் கூடையோடு விற்பவர். எனக்கு நாலைந்து வயது மூத்தவர். முட்டிவலிக்கு எடை குறைக்கச் சொல்லி அவருக்கும் சீட்டு கிடைத்திருந்தது.

"ஆடாத டீச்சர். ஆடினா பொடவ பூடும்" என்று சொல்லி, கீழே உட்கார்ந்து சங்கிலியைப் பின்னால் சுற்றி, துணியை ஒரு நூல் கிழியாமல் எடுத்துக் கொடுத்தார். வலையில் மாட்டிய மீனை எடுக்கிற கை அது. பிறகு பாயில் காலை நீட்டி உட்கார்ந்தார்.

"காலைலேர்ந்து தெருத் தெருவா சுத்திகினு கீறேன். இதுக்கு மேல இன்னா எக்ஸசைஸ் பண்றது? இங்க ஃபேன் கீது. அதுக்குத்தான் வரேன்."

அவர் சொன்னதில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. நானும் பக்கத்தில் படுத்தேன். மாஸ்டர் எண்ணிக்கொண்டிருக்க, நாங்கள் பேசிக்கொண்டிருந்தோம். இரண்டாவது மாதத்தில் மற்ற ஒன்பது பேரும் நின்றுவிட்டார்கள்.

இங்கேதான் என் தப்பு தொடங்குகிறது. தினமும் எட்டுப் பேராவது வராவிட்டால் பெண்கள் நேரத்தை எடுத்துவிடுவார்கள் என்று ஒரு விதி இருந்தது. வருகைப் பதிவேட்டைப் பார்த்துக்கொள்ளும் வேலையை, டீச்சராயிற்றே என்று மாஸ்டர் என்னிடம் கொடுத்திருந்தார். வராத ஒன்பது பேருக்கும் நானே கையெழுத்துப் போட்டேன். ஒன்றை இடப்பக்கம் சாய்த்து, ஒன்றை வலப்பக்கம் சாய்த்து, ஒன்றை ஆங்கிலத்தில், ஒன்றை நடுங்கும் கையில். பள்ளியில் அப்பாவின் கையெழுத்தைத் தானே போட்டு வந்த பிள்ளைகளைக் கண்டுபிடித்து வெளியே நிறுத்துவதில் எனக்குப் பெயர் உண்டு. அந்த அனுபவம் முழுவதும் எனக்குக் கைகொடுத்தது.

பதிவேட்டில் மாதாமாதம் எடை எழுதவும் ஒரு கட்டம் இருந்தது. அதையும் விடவில்லை. எண்பத்து மூன்று, எண்பது, எழுபத்தாறு என்று தாளில் மளமளவென்று இளைத்துக்கொண்டு வந்தேன். வீட்டில் இரவு அடை சாப்பிடும்போது, இன்னொன்று போட்டுக்கொண்டால் என்ன, அதுதான் இளைத்துவிட்டோமே என்றுகூட ஒரு நாள் தோன்றியது.

மூன்றாம் மாதம் ஒரு நாள், நாலரை மணிக்கு நகராட்சியிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். கையில் ஃபைல். மாஸ்டர் எழுந்து நின்று, "சார் வர்றார்" என்று குரல் கொடுத்தபோது நான் மல்லாந்து கிடந்தேன். மீன்காரம்மா பக்கத்தில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். எனக்கு எழுந்திருக்க முதலில் ஒருக்களித்துப் புரண்டு, பிறகு முழங்காலிட்டு, பிறகு சுவரைப் பிடிக்க வேண்டும். அதெல்லாம் முடியும்வரை அவர் காத்திருந்தார். பிறகு பதிவேட்டைத் திறந்தார்.

"இன்னிக்குப் பதினோரு பேர்னு இருக்கு. மீதி ஒன்பது பேர் எங்கம்மா?"

"தண்ணி குடிக்கப் போயிருக்காங்க சார்."

"ஒன்பது பேருமா?"

"வெயில் சார்."

வெளியே மேகம் மூடியிருந்தது. மீன்காரம்மா அந்த நேரம் பார்த்துக் கண்ணைத் திறந்து, "டீச்சர், மாஸ்டரு எண்ணி முட்ச்சிட்டாரா?" என்றார்.

அதிகாரி அடுத்த பக்கத்தைப் புரட்டினார். என் பெயருக்கு நேரே விரலை வைத்தார். எழுபத்தாறு. விரலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மறுபடி விரலைப் பார்த்தார்.

"நீங்க எழுதினது பொய்னா, இந்த நேரத்தை ரத்து பண்ணணும். உண்மைன்னா, இத்தனை எக்ஸசைஸ் பண்ணியும் ஒரு பிரயோஜனமும் இல்லைன்னு நான் ரிப்போர்ட் எழுதணும். எதை எழுதட்டும் மேடம்?"

என் பதினைந்து வருட உத்தியோகத்தில் நான் யாரையும் இவ்வளவு நன்றாக மடக்கியதில்லை. "பொய்தான் சார்" என்றேன். ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் என் முன்னால் நின்று விரல் நகத்தைப் பார்ப்பது ஏன் என்று அன்றைக்குத்தான் விளங்கியது. வேறு எங்கேயும் பார்க்க முடிவதில்லை.

அவர் ஃபைலை மூடினார். "அடுத்த மாசம் இதே மாதிரி சொல்லாம வருவேன். எட்டுத் தலை இருக்கணும். கையெழுத்து வேண்டாம், தலை" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். மாஸ்டர் என்னைத் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. "நான் திரும்பிப் பார்த்திருக்கணும்மா. என் தப்பு" என்றார். அது இன்னும் வலித்தது.

நான் மறுநாளிலிருந்து வரப்போவதில்லை என்று மீன்காரம்மாவிடம் சொன்னேன். அவர் முந்தானையை உதறிச் செருகிக்கொண்டார்.

"ஒம்போது பேரு கையெழுத்து போட்டியே, அதுக்கு எவ்ளோ நேரம் ஆச்சு? அந்த நேரத்துல ஒம்போது வூட்டுக் கதவ தட்டலாம். வா."

"என்னை நம்பி யாரு வருவாங்க அக்கா? என்னைப் பார்த்தாலே தெரியுமே, பலன் இல்லைன்னு."

"நீ பேசாத. நான் பேசறேன். நீ சும்மா கூட நில்லு. உன்னப் பாத்தா அவங்களுக்குக் கூச்சம் பூடும்."

அப்படித்தான் நாங்கள் தினமும் மாலை ஐந்து மணிக்குமேல் சிட்லபாக்கம் ஏரியைச் சுற்றியிருந்த தெருக்களில் நடக்கத் தொடங்கினோம். எந்த வீட்டில் யாருக்கு என்ன உடம்பு என்று அவருக்கு டாக்டரைவிட நன்றாகத் தெரிந்திருந்தது. "அந்தப் பச்ச கேட்டு வூட்டம்மாக்கு மூச்சு வாங்குது. மாடிலேர்ந்து மீன் வாங்க எறங்கி வரதுக்குள்ள நான் ரெண்டு வூடு பாத்துட்டு வந்துடுவேன். இந்த வூட்டம்மாக்கு சுகரு. மீன் கம்மி பண்ணிட்டாங்க, ஸ்வீட்டு கம்மி பண்ல."

கதவு திறந்ததும் அவர் பேச்சு நேராக இருக்கும். "டாக்டரம்மாகிட்ட ஒரு சீட்டு வாங்கிகினு ஒரு மணி நேரம் வா. யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. ஆம்பள யாரும் உள்ள வர மாட்டாங்க. மாஸ்டரே செவுரு மாதிரி அந்தப் பக்கம் திரும்பிகினு குந்திருப்பாரு." சில வீடுகளில் கணவரைக் கேட்க வேண்டும் என்றார்கள். ஒரு வீட்டில் ஓய்வு பெற்ற கணவர் எட்டிப் பார்த்து, "தினமும் ஒரு மணி நேரம் இவ வெளிய போவாளா? இன்னிலேர்ந்தே அனுப்பறேன்" என்றார். அந்த அம்மாள் அவரைப் பார்த்த பார்வையில், அவர் சொன்னதற்காகவே கட்டாயம் வருவார் என்று தெரிந்தது.

எனக்கு முதல் வாரம் குதிகால் எரிந்தது. எங்கள் வீட்டுக்காரர், "ஜிம்முல இவ்வளவு கஷ்டமான பயிற்சி தர்றாங்களா" என்று கவலைப்பட்டார். ஆமாம் என்று சொல்லி வைத்தேன்.

வந்தார்கள். நாலு பேர், ஆறு பேர், பிறகு ஒன்பது. பச்சை கேட்டு வீட்டு அம்மாள் முதல் நாள் சுவரோரம் நின்றுகொண்டே இருந்தார். மூன்றாம் நாள், கல்யாணம் ஆனதிலிருந்து தான் ஓடியதே இல்லை, பஸ்ஸுக்குக்கூட இல்லை என்று சொன்னார். மீன்காரம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு கூடத்தை ஒரு சுற்று ஓடினார். மற்றவர்களும் பின்னால் ஓடினார்கள். சிமெண்டுத் தரை அதிர்ந்தது, சுவரில் சாய்த்திருந்த இரும்புத் தட்டுகள் கிணுகிணுத்தன. யாரோ சிரிக்கத் தொடங்கி, எல்லோருக்கும் தொற்றிக்கொண்டது. வெளியே எண்ணிக்கொண்டிருந்த மாஸ்டர் நிறுத்திவிட்டார். "உள்ள என்னம்மா நடக்குது?" என்றார், திரும்பாமலே. நான் சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கியபடி, "எக்ஸசைஸ் மாஸ்டர்" என்றேன். அந்தக் கூடத்தில் அவரிடம் நான் சொன்ன முதல் உண்மை அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

அதிகாரி சொன்னபடியே மறுபடி வந்தார். அன்றைக்கு அங்கே இல்லாமல் போன ஒரே ஆள் நான்தான்.

எங்கள் தலைமையாசிரியைக்குப் பள்ளியில் பிரிவுபசார விருந்து. பாயசம் மூன்று தடவை வாங்கினேன். ஆசிரியர் அறையில் நாற்காலியில் சற்றுச் சாய்ந்தேன். கண் விழித்தபோது ஐந்தே கால். ஓட்டமும் நடையுமாகக் கூடத்துக்குப் போனால், ஆண்கள் எடை தூக்கிக்கொண்டிருந்தார்கள். மீன்காரம்மா மட்டும் வாசலில் எனக்காக நின்றிருந்தார்.

"ஆபீசர் வந்தாரு. ஒம்போது தல. வெரலு விட்டு எண்ணினாரு. டைம எடுக்க மாட்டாராம்."

"என்னைக் கேட்டாரா அக்கா?"

"கேட்டாரு. வரலன்னு சொன்னோம். பச்ச கேட்டம்மாதான் நோட்டுல எழுதிச்சு, உன் பேருக்கு நேரா 'வரவில்லை'ன்னு. செவப்புப் பேனால." சிறிது தயங்கினார். "போட்டது தப்பா டீச்சர்?"

"இல்லக்கா. சரிதான்."

உண்மையிலேயே சரி என்றுதான் பட்டது. வருத்தப்பட முயன்று பார்த்தேன், வரவில்லை. அன்றிலிருந்து பதிவேடு பச்சை கேட்டு அம்மாளிடம் போய்விட்டது. நான் கேட்கவும் இல்லை, அவர் தரவும் இல்லை.

அடுத்த வாரம் டாக்டரம்மாளிடம் போனேன். ஆஸ்பத்திரி மெஷினில் எழுபத்தொன்பது காட்டியது. அவருக்கு ஒரே சந்தோஷம். "பார்த்தீங்களா டீச்சர், அந்தக் கூடம் நல்லா வேலை செய்யுது" என்றார். கூடத்தில் நான் படுத்துதான் கிடந்தேன், குறைந்ததெல்லாம் தெருவில் கதவு தட்டியதில்தான் என்று சொல்ல வாய் வரை வந்தது. அவர் சீட்டில் 'தொடரவும்' என்று எழுதி அடிக்கோடு போட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன்.

இரண்டு வருடம் கழித்து ஊரப்பாக்கத்தில் சொந்த வீடு கட்டிப் போனோம். அங்கே அப்படி ஒரு கூடம் இல்லை. தாம்பரத்துப் பள்ளிக்குத் தினமும் ரயிலில்தான் வந்துகொண்டிருந்தேன்; பள்ளி முடிந்ததும் பழைய கூடத்துக்குப் போகலாமே என்று பலமுறை நினைத்து, பலமுறை நாலு மணி ரயிலைப் பிடித்து வீட்டுக்குப் போனேன். நாலு கிலோவும் திரும்பி வந்தது, துணைக்கு இரண்டைக் கூட்டிக்கொண்டு. எண்பத்தைந்து கிலோவோடு ஒரு நாள் நாலு மணிக்கு அந்தப் பக்கம் நடந்தேன். மாஸ்டர் தெருவைப் பார்த்து எண்ணிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எண்ணுவதை நிறுத்தாமலே, தலையை மட்டும் உள்ளே போகச் சொல்லி ஆட்டினார். உள்ளே பதினைந்து பேராவது இருக்கும், பாதிப் பேரை எனக்குத் தெரியவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, கடைசி வரிசையில் போய் நின்று கையைத் தூக்கினேன்.