செவலை நாய்

திருக்கழுக்குன்றத்துக்குப் பக்கத்தில் ஒரு குடிமறுவாழ்வு மையத்தில் மூன்று வாரமாக இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தார் வருவார்கள். அவர்கள் முன்னால், எங்கள் குடியை வேறு யாருக்கோ நடந்த கதையாக நாங்கள் சொல்ல வேண்டும். சொந்தக் கதையாகச் சொல்ல யாருக்கும் வாய் வராது என்பதால் அந்த ஏற்பாடு.

என் முறை வந்தது. எதிரே மனைவியும் எட்டு வயது மகளும். மகளுக்கு இடது முழங்கால் இன்னும் சரியாக மடங்காது.

"ஒருத்தன் பொண்ண பைக்ல ஏத்திகினு மாமல்லபுரம் ரோட்ல போனான். லேசாத்தான் குடிச்சிருந்தான். கறுப்பு நாய் ஒண்ணு குறுக்க வந்துச்சு. வண்டி சாஞ்சிடுச்சு."

மகள் பதறி எழுந்தாள். "கறுப்பு இல்லப்பா, செவலை! நீதான ஆஸ்பத்திரில அப்டி சொல்லச் சொன்ன? அம்மாகிட்ட, ஸ்கூல்ல, எல்லார்கிட்டயும் செவலைன்னுதான் சொல்லிகினு கீறேன்."

அன்று ரோட்டில் நாயே இல்லை. நான் மறந்துபோன பொய்யை அவள் எனக்காகக் காப்பாற்றி வைத்திருக்கிறாள். மனைவி மெல்லத் திரும்பி அவளுடைய காலைப் பார்த்தாள். ஓடிவிடலாம் என்று வாசலைப் பார்த்தேன். கேட் பூட்டியிருந்தது.

"நாய் எதுவும் வரலம்மா. போதையில நான்தான் கண்ணசந்துட்டேன்."

"அப்ப இனிமே நான் இன்னாப்பா சொல்றது?"

உண்மையைச் சொல் என்று சொல்லக்கூட அன்று எனக்குத் துணிச்சல் இல்லை. குடியை விட்டு இரண்டு வருடமாகிறது. அவள் காலைப் பற்றி யார் கேட்டாலும், அவள் வாய் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டு உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.