முன் சக்கரத்தில் போட்ட டயர்

மாப்பிள்ளையின் சைக்கிள் டயர் என் பெருவிரல் அகலம்தான் இருக்கும். அதில் ஒரு வெட்டு விழுந்திருந்தது. நகம் நீளத்துக்கு. மாற்றணுமா, இன்னும் கொஞ்சம் ஓட்டலாமா என்று என்னிடம் கேட்டார். ஓட்டலாம் என்று சொன்னேன்.

எழுத இருப்பது இவ்வளவுதான். மற்றதெல்லாம் இதற்கு முன்னாடியும் பின்னாடியும் நடந்தது.

மாப்பிள்ளை என்றால் என் தங்கச்சி வீட்டுக்காரர். எனக்கும் அவருக்கும் ஒரே வயது. நேரில் வா, போ என்றுதான் பேசிக்கொள்வோம். எழுதும்போது அப்படி வரவில்லை. போடியில் ஒரு ஏலக்காய்க் கடையில் தரம் பார்க்கிற வேலை அவருக்கு. ஒரு பிடி காயை உள்ளங்கையில் உருட்டினால் எந்தப் பக்கத்து மலைக் காய், சூடு சரியாகக் காட்டி உலர்த்தினார்களா இல்லையா என்று சொல்லிவிடுவார். வேலை பூராவும் உட்கார்ந்தபடிதான். முதுகு வலி வந்தது. டாக்டர் நடக்கச் சொன்னார். இவர் கோயம்புத்தூரில் யாரோ ஓட்டிவிட்டுக் கொடுத்த பந்தய சைக்கிளைக் கொண்டுவந்து நிறுத்தினார். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் அடிவாரத்து முந்தலைத் தாண்டி மலை ஏறுவார். மலை உச்சி மெட்டில் ஒரு டீ. பிறகு இறக்கம். பதினொரு மணிக்கெல்லாம் வீட்டில் இருப்பார். முதுகு வலி போய்விட்டது. மலை ஏறுவது போகவில்லை.

நான் ஜீப்பு ஓட்டுகிறவன். சிலமலையில் பெண்களை ஏற்றி, போடி வழியாக மேலே ஏலத்தோட்டத்தில் கொண்டுபோய் விடுவேன். பொழுது சாய்வதற்குள் கூட்டிவருவேன். ஏழாவதோடு படிப்பு நின்றுவிட்டது. ஆனால் டயர் பற்றி என்னைக் கேட்கலாம் என்று ஜீப்புக்காரர்களிடம் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சு எனக்குப் பிடித்தும் இருந்தது.

ஜீப்பு டயருக்கு எங்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. டயர் மேலே இருக்கிற பட்டன் தேய்ந்தால் ஓட்டலாம். வெட்டு விழுந்தால், பழைய ட்யூபில் ஒரு துண்டு அறுத்து உள்ளே வைத்து ஒட்டி ஓட்டலாம். உள் நூல் தெரிந்தால் மாற்ற வேண்டும். தெரிந்த பிறகும் ஒரு காய் எடுப்பு முடிகிற வரைக்கும் ஓட்டியவர்கள் உண்டு. நானும் ஓட்டியிருக்கிறேன். இன்னொன்று, நல்ல டயர் எப்போதும் பின்னாடி. ஆட்கள் நெருக்கிக்கொண்டு உட்காருவது பின்னாடிதான். ஏற்றத்தில் பாரம் மொத்தமும் பின் சக்கரத்தில் இறங்கும். இளைத்த டயரை முன்னாடி போட்டுக்கொள்வோம். யாரும் சொல்லித் தந்ததில்லை. மலை ஓட்டுகிற எல்லாரும் அப்படித்தான் போடுகிறோம்.

அன்றைக்குச் சனிக்கிழமை சாயங்காலம். தங்கச்சி வீட்டு வாசலில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திவைத்து மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார். பின் டயரில் வெட்டு. ரோட்டு வேலைக்குக் கொட்டிய சல்லி கிழித்திருக்கிறது. புது டயர் ஒன்று சொல்லிவிட்டாராம். செவ்வாய்க்கிழமை கூரியரில் வருமாம். ரெண்டு ஞாயிறாக மழை, ஏற முடியவில்லை. மறுநாள் வெயில் அடிக்கும் போலத் தெரிந்தது. அதுதான் அவருக்குத் தவிப்பு.

"மச்சான், இது நாளைக்குத் தாங்குமா? இல்ல, புதுசு வர்ற வரைக்கும் சும்மா கெடக்கட்டுமா?"

டயரை அமுக்கிப் பார்த்தேன். வெட்டை விரித்துப் பார்த்தேன். உள்ளே வெள்ளையாக நூல் தெரிந்தது. தெரிந்தது என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன்.

தாராளமாகப் போகும் என்றேன். உள்ளே ஒரு துண்டு வைத்துத் தருகிறேன், முன்னாடி இருக்கிற நல்ல டயரைக் கழற்றிப் பின்னாடி போடு, இதை முன்னாடி போடு, பின்னாடிதானே பாரம் என்றேன்.

மாப்பிள்ளை போனை எடுத்தார். சைக்கிள்காரர்கள் எழுதி வைத்திருந்ததைப் படித்துக் காட்டினார். நல்ல டயர் முன்னாடிதான் இருக்க வேண்டுமாம். இறக்கத்தில் பின் டயர் போனால் ஒரு மாதிரி சமாளித்து நிறுத்திவிடலாமாம், முன் டயர் போனால் ஹேண்டில் கைக்கு அடங்காதாம். வெட்டு நூல் வரைக்கும் இறங்கியிருந்தால் யோசிக்காமல் தூக்கிப் போட வேண்டுமாம்.

"ஒம் போனு எத்தன தடவ மாப்ளே மெட்டு ஏறியிருக்கு?" என்றேன்.

உள்ளே தங்கச்சி சிரித்துவிட்டாள்.

"நல்லாக் கேளுண்ணே. அதுதான் இவருக்கு எல்லாஞ் சொல்லுது. கொழம்புக்கு உப்புப் பத்துமான்னுகூட அதத்தான் கேக்குறாரு."

மாப்பிள்ளையும் சிரித்தார். "பதினாலு பேரத் தூக்கிட்டு ஏறுறவன் சொல்றான். போனு வாய மூடிக்கிற வேண்டியதுதான்," என்று அதைச் சட்டைப் பையில் போட்டார்.

ஜீப்பிலிருந்து பழைய ட்யூபை எடுத்து வந்து, ரெண்டு விரல் அகலத்துக்கு ஒரு துண்டு அறுத்தேன். ஓரத்தைச் சீவி, பசை தடவி ஒட்டினேன். டயரை முன் சக்கரத்தில் மாட்டிக் காற்று அடித்தேன். ஜீப்பு டயருக்கு அடிக்கிறதைவிட மூணு பங்கு காற்று அதற்கு. கல் மாதிரி இருந்தது. வெட்டு இருந்த இடம் லேசாகப் புடைத்தது. கட்டை விரலால் அமுக்கினேன். அமுங்கவில்லை. நன்றாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் ஞாயிறு. காய் எடுப்பு மும்முரம், தோட்டத்தில் வேலை இருந்தது. பெண்களை ஏற்றிக்கொண்டு முந்தல் தாண்டி ரெண்டாவது வளைவில் திரும்பினால் முன்னாடி மாப்பிள்ளை மிதித்துக்கொண்டு போகிறார். ஜீப்பை மெதுவாக்கினேன். பின்னாடியிருந்து ஒரு அக்கா தலையை நீட்டி, "ஏறிக்கிறீகளா மாப்ள, சைக்கிள மேல கட்டிக்கிருவோம்," என்றது. "நீங்க எறங்கித் தள்ளாம மேல போய்ச் சேருங்க, அது போதும்," என்றார் மூச்சு வாங்கிக்கொண்டே. வண்டி முழுக்கச் சிரிப்பு. ஒரு கையைத் தூக்கிக் காட்டினார். தாண்டியதும் நான் கண்ணாடியில் முன் டயரைப் பார்த்தேன். நன்றாகத்தான் உருண்டது.

ஏற்றத்தில் முன் சக்கரத்துக்கு வேலை இல்லை. இறக்கத்தில் பிரேக்கைப் பிடித்தால் பாரம் முன்னாடி வந்து விழும். ஜீப்பிலும் அப்படித்தான். எனக்குத் தெரியாததில்லை. அவர் திரும்பி இறங்கித்தான் வீட்டுக்கு வர வேண்டும் என்பதை நினைத்துப் பார்க்கவில்லை.

அன்றைக்குத் தோட்டத்திலிருந்து நாலு மூட்டை காய் போடிக்கு இறக்க வேண்டியிருந்தது. பத்து மணி இருக்கும், இறங்கி வந்துகொண்டிருந்தேன். ஒரு வளைவில் ரெண்டு பைக்கும் ஒரு காரும் நின்றன. ஆட்கள் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். சைக்கிளைத்தான் முதலில் பார்த்தேன்.

கைப்பிடிச் சுவரில் தலை மோதியிருந்தது. ஹெல்மெட் ரெண்டாகப் பிளந்திருந்தது. பேர் சொல்லிக் கூப்பிட்டேன். அதற்கு முன்னாடி நான் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கண் ஒரு தடவை திறந்தது. ஏலக்காய் மூட்டைகளை நிரவி, அதன் மேலேயே படுக்க வைத்தோம். சைக்கிளையும் யாரோ தூக்கிப் போட்டார்கள். முந்தலுக்கு வருவதற்குள் மூச்சு நின்றுவிட்டது.

முன் டயர் வெட்டு இருந்த இடத்திலிருந்து ஒரு சாண் கிழிந்திருந்தது. நான் ஒட்டிய துண்டு பாதி பிய்ந்து வெளியே தொங்கியது. அதைப் பிய்த்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். ஆளைத் தூக்குவதற்கு முன்னாடியா, பின்னாடியா என்று எனக்கு நினைவில்லை. பின்னாடி என்றுதான் இருக்க வேண்டும்.

ஆஸ்பத்திரிக்குத் தங்கச்சி ஓடிவந்தாள். காலில் செருப்பு இல்லை. அழவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"டயராண்ணே?"

"இல்லாத்தா. மணலு. வழுக்கிருச்சு."

அந்த வளைவில் ரோட்டு வேலை நடந்து மணல் கிடந்தது உண்மைதான். பார்த்தவர்கள் எல்லாரும் மணல் என்றே சொன்னார்கள். போலீசில் எழுதிக்கொண்டவர்களும் அப்படியே எழுதினார்கள். ஒருவரும் என்னைத் திருப்பிக் கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை கூரியர் வந்தது. வீடு நிறைய ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். யாரோ கையெழுத்துப் போட்டு வாங்கி, அட்டைப் பெட்டியை பீரோ மேலே தூக்கி வைத்தார்கள். அதில் என்ன இருக்கிறது என்று எனக்கும் தங்கச்சிக்கும் மட்டும்தான் தெரியும். ரெண்டு பேரும் அதைப் பார்க்கவில்லை.

கருமாதி அன்றைக்குப் பிறந்த வீட்டுக் கோடிச் சேலை போட வேண்டும். எங்களுக்கு அப்பா, அம்மா இல்லை. கூடப் பிறந்தவனும் நான் ஒருத்தன்தான். நான்தான் போட்டேன். சேலையை அவள் தோளில் போடும்போது அந்த ரப்பர் துண்டு என் சட்டைப் பையில் இருந்தது. வீட்டில் வைக்கப் பயம். தூக்கிப் போடவும் முடியவில்லை. அப்புறம் அதை ஜீப்பில் சீட்டுக்கு அடியில், ஸ்பானர் பெட்டிக்குள் போட்டேன். ஸ்பானர் எடுக்கும்போதெல்லாம் கையில் படும்.

அவர் வேலை பார்த்த கடையிலேயே தங்கச்சிக்குக் காய் பொறுக்குகிற வேலை கொடுத்தார்கள். பிள்ளை இல்லை. சாயங்காலம் இறங்கும்போது ஜீப்பை நிறுத்தி ஒரு டம்ளர் காப்பி குடித்துவிட்டுப் போவேன். அவள் பேசுவாள். எனக்குப் பேச்சு வராது. அண்ணனுக்கு அவ்வளவு துக்கம் என்று பக்கத்து வீட்டில் சொல்லியிருக்கிறாள். அதைக் கேட்ட அன்றைக்குக் காப்பியைப் பாதியிலேயே வைத்துவிட்டு வந்தேன்.

எட்டு மாதம் இப்படி. பிறகு தேனியிலிருந்து ஒருவர் வந்தார். மாப்பிள்ளையோடு சைக்கிள் ஓட்டியவர். சைக்கிள் சும்மா நின்றால் கெட்டுப்போகும், தான் எடுத்துக்கொள்கிறேன் என்று கேட்டாராம். தங்கச்சி சரி என்று சொல்லிவிட்டாள். எனக்குப் போன் போட்டாள். டயர் ஒன்றுதான் போயிருக்கிறது, புதுசு வந்தது பெட்டியிலேயே இருக்கிறது, மாட்டிக் கொடு அண்ணே, உனக்குத்தான் தெரியும் என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் போனேன். கூடத்தில் சைக்கிளைச் சாய்த்து, முன் சக்கரத்தைக் கழற்றினேன். அவள் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள். கிழிந்த டயரை உருவிக் கீழே போட்டேன். அவள் எடுத்தாள். கிழிசலில் விரலை விட்டாள். உள்ளே பசை காய்ந்து கறுப்பாக ஒட்டியிருந்தது. அதைத் தடவிப் பார்த்தாள்.

"மணல்ல வழுக்குனா இப்பிடியா கிழியும்?"

சுவரில் அடித்துக் கிழிந்தது என்று சொல்லியிருக்கலாம். நம்பியிருப்பாள். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. எழுந்து ஜீப்புக்குப் போனேன். சீட்டைத் தூக்கி, பெட்டியைத் திறந்து, துண்டை எடுத்து வந்து அவள் முன்னாடி வைத்தேன்.

"மணலு இல்லாத்தா. டயருதான். நான் ஒட்டுனது பிஞ்சிருச்சு. நூலு தெரிஞ்சுச்சு, பாத்துட்டுத்தான் போகும்னு சொன்னேன். அவரு போன்ல படிச்சதுதான் சரி."

அவள் துண்டை எடுத்து, டயருக்கு உள்ளே பசை இருந்த இடத்தில் வைத்துப் பார்த்தாள். சரியாக உட்கார்ந்தது.  வெளியே பஸ்சு ஒன்று மலைக்குப் போனது. துண்டைக் கையில் வைத்தபடியே சொன்னாள்.

"அன்னைக்கு நானுந்தான சிரிச்சேன்."

நான் அதை நினைக்கவே இல்லை. எட்டு மாதமாக என் பேச்சை மட்டும்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் சிரித்ததை மறந்துபோயிருந்தேன். அவளும் மறந்திருந்தாள். நான்தான் அதை எடுத்து அவள் முன்னாடி வைத்திருக்கிறேன்.

"ஒனக்குச் சொமை எறங்கிருச்சு. எங்கிட்டச் சொல்லாமலே இருந்திருக்கலாம் நீ," என்றாள்.

சத்தம் போடவில்லை. எழுந்து உள்ளே போனாள். டயரையும் துண்டையும் கையோடு கொண்டுபோனாள். திருப்பித் தரவில்லை. நான் பெட்டியைப் பிரித்துப் புது டயரை முன் சக்கரத்தில் மாட்டினேன். காற்று அடித்தேன். சக்கரத்தைச் சுற்றிவிட்டுப் பார்த்தேன், ஆட்டம் இல்லை. அவள் வெளியே வரவில்லை. போறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

சைக்கிளை அவள் தேனிக்காரருக்குக் கொடுக்கவில்லை. கூடத்திலேயே நிற்கிறது. பொங்கலுக்குச் சீர் கொண்டுபோனேன். வாங்கி உள்ளே வைத்தாள். சாப்பிடச் சொன்னாள். அண்ணே என்று சொல்லவில்லை. அதற்குப் பிறகும் சொல்லவில்லை.

இப்போது ஜீப்பில் முன்னாடி ரெண்டும் புது டயர் போட்டிருக்கிறேன். நூல் தெரிகிற வரைக்கும் காத்திருப்பதில்லை. பட்டன் பாதி தேய்ந்தாலே கழற்றிவிடுகிறேன். மற்ற ஜீப்புக்காரர்கள் கிண்டல் பண்ணுகிறார்கள், ஜீப்பைப் பெண் பார்க்க யார் வருகிறார்கள், முன்னாடி இப்படிச் சோடித்திருக்கிறாய் என்று.  வண்டி ஓட்டுகிறவனிடம் போய் உன் வழக்கம் தப்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை. சொன்னால் ஏன் என்று கேட்பான்.

தினமும் விடிகாலையில் பெண்களை ஏற்றிக்கொண்டு தங்கச்சி வீட்டைத் தாண்டித்தான் முந்தலுக்குப் போக வேண்டும். அந்த நேரம் அவள் வாசல் தெளித்துக்கொண்டிருப்பாள். முன்பெல்லாம் கையைத் தூக்குவாள். பெண்களும் அவளிடம் ரெண்டு வார்த்தை பேசுவார்கள். இப்போது வாளியைக் கீழே வைத்துவிட்டு நிற்கிறாள். என்னைப் பார்ப்பதில்லை. முன் டயர் ரெண்டையும் பார்க்கிறாள். அவள் பார்க்கட்டும் என்று அந்த இடத்தில் ஜீப்பை மெதுவாக்குவேன். பார்த்து முடித்ததும் வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவாள். நான் கியரை மாற்றுவேன்.