அக்கா தேறாத பயிற்சி

அந்த வட்டாரத்துத் தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கு அவளைக் கண்டாலே கொட்டாவி வந்துவிடும். அதற்காக அவள் யாரையும் கோபித்துக்கொண்டதில்லை. அவள் சொல்லிக்கொடுத்த விஷயம் அவளுக்கே கொட்டாவி வரவழைப்பதுதான்.

நான்காம் வகுப்புப் பிள்ளைகள் எல்லோரும் இனிமேல் ஒரே மாதிரித் தேர்வைக் கம்ப்யூட்டரில் எழுத வேண்டும் என்று மேலிடத்தில் முடிவெடுத்தார்கள். பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் பழக்க வேண்டும். அதற்கு முன்னால் ஆசிரியர்களுக்குப் பழக்க வேண்டும். அந்த வேலை இவள் தலையில் விழுந்தது. அதற்கு முன் நெடுங்காலம் அவள் மூன்றாம் வகுப்பு டீச்சர். தலைமையாசிரியர் அறையில் காகிதம் சிக்கி நின்றுபோன பிரிண்டரை, புருவம் திருத்தும் இடுக்கியால் ஒருநாள் சரிசெய்து கொடுத்தாள். அவள் செய்த ஒரே தப்பு அதுதான். "கம்ப்யூட்டர் தெரிந்தவர்" என்று பேர் அலுவலகம்வரை போய்விட்டது. ஒரு வருஷத்துக்கு மட்டும் என்று சொல்லி வகுப்பிலிருந்து எடுத்தார்கள். அந்த ஒரு வருஷம் ரப்பர் மாதிரி இழுத்துக்கொண்டே போனது.

ஆசிரியர்கள் அவளுக்கு வைத்த பேர் 'பாஸ்வேர்டம்மா'. போன இடத்திலெல்லாம் முதல் வேலையாக ஆளுக்கொரு பாஸ்வேர்டைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுப்பாள். தேநீர் இடைவேளை முடிவதற்குள் பாதிப் பேர் தொலைத்துவிடுவார்கள். "அம்மா, என்னோடது பெரிய எழுத்தா சின்ன எழுத்தா?" என்று ஒருவர் ஆரம்பிப்பார். "எனக்கு நட்சத்திரம் நட்சத்திரமாத்தாங்க வருது, நான் அடிச்சது எங்க போச்சு?" என்று இன்னொருவர். பின்வரிசையில் ஒருத்தி மேஜைக்கடியில் நோட்டுத் திருத்திக்கொண்டிருப்பாள். உட்காரப் பிள்ளைகளின் குட்டி நாற்காலிகள்தான். முழங்கால் தாடையில் இடிக்கும். "இந்த நாற்காலியில உக்கார முடிஞ்சா பாதிப் பயிற்சி முடிஞ்ச மாதிரிங்க" என்று அவள் ஒரு ஜோக் வைத்திருந்தாள். எல்லாப் பள்ளியிலும் அதே ஜோக்கைச் சொல்லிச் சொல்லி, கடைசியில் சிரிக்க இடம் விடாமலே அடுத்த வாக்கியத்துக்குப் போகப் பழகிவிட்டாள்.

இப்படி ஊர் சுற்றிக்கொண்டிருந்தவள் ஒருநாள் தன் அக்காவின் பள்ளிக்கே போக வேண்டி வந்தது.

அக்காவும் டீச்சர்தான், நான்காம் வகுப்புக்கு. அத்தான் இறந்தபிறகு அக்கா இவள் வீட்டோடு வந்துவிட்டாள். இவள் கணவருக்கு வெளியூரில் வேலை. மாதத்தில் ஓரிரு முறை வந்து தலைகாட்டிவிட்டுப் போவார். அதனால் வீட்டில் பெரும்பாலும் அக்காவும் தங்கையும்தான். காலையில் ஒருத்தி சமைப்பாள், மற்றவள் டப்பா கட்டுவாள். பேச்சு குறைவு. சண்டையும் குறைவு.

பயிற்சி அறையில் நாலு பேர் முன்னால் அக்காவை 'நீ' என்று கூப்பிட முடியுமா? "டீச்சர், நீங்க இதை அமுக்குங்க" என்றாள். அக்கா முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல், "சரிங்க மேடம்" என்றாள். பக்கத்தில் இருந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

தேர்வறையில் மேற்பார்வைக்கு நிற்கும் ஆசிரியருக்கென்று ஒரு திரை உண்டு. எந்தப் பிள்ளையின் கம்ப்யூட்டராவது நடுவில் உறைந்துபோனால், அந்தப் பிள்ளையின் தேர்வை மட்டும் நிறுத்திவைத்து, எழுதிய விடைகளைக் காப்பாற்றி, மறுபடி திறந்துவிட வேண்டும். வரிசை மாற்றி அமுக்கினால் விடைகள் போய்விடும். இதையெல்லாம் கற்றுக்கொண்டதாக ஆசிரியரும் ஒரு தேர்வு எழுதித் தேற வேண்டும். மூன்று வாய்ப்பு. தேறாவிட்டால் சொந்த வகுப்பானாலும் தேர்வு நேரத்தில் உள்ளே நிற்க முடியாது.

அக்கா முதல் தடவை தேறவில்லை. இரண்டாவது தடவையும் தேறவில்லை. இரண்டு முறையும் தப்பாக ஒன்றும் செய்யவில்லை, நேரம்தான் தீர்ந்துபோனது.

அன்று சாயங்காலம் வீட்டில் காய் நறுக்கிக்கொண்டே தங்கை கேட்டாள். "ஏங்க்கா, எல்லாம் தெரியுதுல்ல உனக்கு? அமுக்க வேண்டியதுதானே? எதுக்கு ஒவ்வொண்ணுக்கும் அவ்வளவு நேரம்?"

"எனக்கு மௌஸ் பயமில்லடி. இதை அமுக்கினா ஒரு பிள்ளை எழுதினது போயிடுமோன்னு தோணுது. தோணினா கை நின்னுடுது."

"அது பயிற்சிக்கா. அதுல நிஜப் பிள்ளை யாரும் இல்ல."

"தெரியும்" என்றாள் அக்கா.

மூன்றாவது தடவை இவளே பின்னால் நின்றாள். அக்கா முன்பைவிட வேகமாகத்தான் போனாள். கடைசிக்கு முந்தின கேள்வியில் அம்புக்குறியைப் பொத்தான்மேல் வைத்துவிட்டு, திரையை இன்னொரு முறை படித்தாள். அந்த ஒரு படிப்பில் நேரம் முடிந்தது. சிவப்பு எழுத்தில் 'தேர்ச்சி இல்லை' என்று வந்தது.

தலைமையாசிரியை இவளை ஓரமாகக் கூட்டிப் போய், "உங்களால நாலாவது தடவை திறந்துவிட முடியும்னு கேள்விப்பட்டேனே" என்றார்.

முடியும். பயிற்சியாளருக்கு அந்த வசதி உண்டு. ஆனால் போன வாரம்தான் வேறொரு பள்ளியில் ஒரு முதிய ஆசிரியர் இதையே கேட்டார். "விதியில இடமில்லைங்க சார்" என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள். அவர் முகம் தொங்கிப்போனது இன்னும் கண்ணிலேயே நின்றது. அவருக்கு இல்லாததை அக்காவுக்கு எப்படிக் கொடுப்பது? அவள் அக்காவைத் திரும்பிப் பார்த்தாள். அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, குரலை உயர்த்தாமல் சொன்னாள். "எனக்காகத் திறக்காதே."

திறக்கவில்லை. இருவரும் ஒரே பேருந்தில்தான் வீடு திரும்பினார்கள். அக்கா முன்னால் உட்கார்ந்தாள், இவள் பின்னால்.

தேர்வு நாளில் அக்காவின் வகுப்புக்கு மேற்பார்வையாக விளையாட்டு சாரைப் போட்டார்கள். இளம் வயது, நல்ல பையன், எல்லாம் ஒரே மூச்சில் தேறியவர். இவள் பார்வையாளராக வந்திருந்தாள். அக்காவுக்குக் கொடுத்த வேலை, அடுத்து எழுதப்போகும் இரண்டாம் அணிப் பிள்ளைகளைத் தாழ்வாரத்தில் சத்தம் போடாமல் உட்காரவைப்பது. கம்ப்யூட்டர் அறைக் கதவில் ஒரு கண்ணாடிச் சட்டம் உண்டு. அதன் வழியாக அக்காவின் தலை அவ்வப்போது தெரிந்தது.

முதல் பகுதி சுமாராகப் போனது. ஒரு கம்ப்யூட்டர் உறைந்தது. விளையாட்டு சார் அதை மீட்டுக் கொடுத்தார். அடுத்து கேட்டு எழுதும் பகுதி. ஹெட்போனில் ஒரு கதை ஓடும், இரண்டு முறைதான் ஓடும், அதிலிருந்து கேள்விகள். முன்னதாக, "சத்தம் கேக்குதா? கேட்டவங்க கை தூக்குங்க" என்றார் சார். எல்லாப் பிள்ளைகளும் தூக்கினார்கள்.

கொஞ்ச நேரத்தில் கதவுக் கண்ணாடியில் விரலால் தட்டும் சத்தம். இவள் போய்க் கதவை ஒருக்களித்துத் திறந்தாள். அக்கா.

"மூணாவது வரிசை, ஓரத்துல இருக்கிற பொண்ணு. எதுவும் கேக்காம உக்காந்திருக்கா."

"கை தூக்கினாளேக்கா."

"எல்லாரும் தூக்கினா அவளும் தூக்குவா. அவளுக்கு வலது காது கேக்காது. அந்த ஹெட்போன்ல ஒரு பக்கம் செத்துப்போயிருக்கும், நீ வேணா பாரு. திருப்பி மாட்டிவிடு."

விதி தெளிவாக இருந்தது: தேர்வு நடக்கும்போது வெளியிலிருந்து உள்ளே எந்தச் செய்தியும் போகக் கூடாது. அந்த விதியை ஊர் ஊராகப் போய்ச் சொல்லிக்கொடுத்தவளே இவள்தான். கதவைச் சாத்திவிட்டு, நேராக அந்தப் பிள்ளையிடம் போனாள். ஹெட்போனைக் கழற்றித் தன் காதில் வைத்துப் பார்த்தாள். இடது பக்கம் மௌனம். வலது பக்கத்தில் யாரோ கதை சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதைத் திருப்பி மாட்டிவிட்டாள். அந்தப் பெண் ஒரு கணம் திடுக்கிட்டாள். பிறகு திரைக்குப் பக்கத்தில் குனிந்தாள். இரண்டாவது ஓட்டத்தில் பாதிக் கதைதான் மிச்சம் இருந்தது.

மத்தியானம் பார்வையாளர் அறிக்கையில் நடந்ததை நடந்தபடி எழுதினாள். எழுதினால் மற்ற பள்ளிகளில் ஹெட்போன்களையாவது சோதித்துப் பார்ப்பார்கள் என்று நினைத்தாள்.

இரண்டு நாள் கழித்து மேற்பார்வை அதிகாரி போனில் கூப்பிட்டார். மோசமான மனிதர் இல்லை. அவருக்கும் தூக்கம் போதாத குரல்.

"வெளிய இருந்து ஒருத்தர் சொல்லி, உள்ள இருந்த பிள்ளைக்கு உதவி நடந்திருக்கு. நீங்களே எழுதியிருக்கீங்க."

"ஹெட்போனைத் திருப்பி மாட்டினேன் சார். விடை எதுவும் சொல்லிக்கொடுக்கல."

"எனக்குப் புரியுதுங்க. விதியில அதுக்குத் தனியா இடம் இல்லையே. அந்தப் பிள்ளையோட மதிப்பெண் கணக்குல சேராது." குரலைத் தணித்துக்கொண்டார். "நீங்க எழுதாம விட்டிருக்கலாம்மா. யாருக்குத் தெரியப்போகுது?"

வீட்டில் சொன்னபோது அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். கை நின்றது.

"எழுதினியா?"

"எழுதினேன்."

"எனக்கு நாலாவது தடவை திறக்காம விட்டே, சரி. நான் பெரியவ, தாங்கிக்குவேன். அந்தப் பிள்ளை என்னடி பண்ணுச்சு?"

சரியானதைத்தான் செய்தோம் என்ற நினைப்பு இவளுக்கு இருந்தது; அதை அக்காவின் முகத்துக்கு நேராகச் சொல்லத் தெம்பு இல்லை. அக்கா மிச்சத் துணியை மடிக்காமல் அப்படியே விட்டுவிட்டு எழுந்து போனாள்.

மறுநாள் அந்தப் பெண்ணின் அம்மாவைப் பார்க்க அக்கா புறப்பட்டபோது, இவளும் கூப்பிடாமலே கூடப் போனாள். அந்த அம்மா ஒரு துணிக்கடையின் பின்னறையில் தையல் வேலை பார்ப்பவர். மெஷினை நிறுத்தாமலே கேட்டுக்கொண்டார். இவள் நடந்ததைச் சொல்லி, தன்னால்தான் மதிப்பெண் போனது என்றும் சொன்னாள். அந்த அம்மா நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, "அடுத்த வகுப்புக்கு அனுப்புவீங்கல்ல?" என்றார்.

"அனுப்புவோம்" என்றாள் அக்கா.

"அப்ப சரிங்க. காதைப் பத்தி முதல் வகுப்புல இருந்தே சொல்லிட்டு வரேன். இந்த டீச்சர்தான் முன்னால உக்கார வச்சாங்க."

மெஷின் மறுபடி ஓட ஆரம்பித்தது. அதற்குமேல் அங்கே நிற்க வேலை இல்லை. திரும்பும் வழியில் அக்கா பேருந்தில் இவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

விடுமுறையில் அலுவலகத்திலிருந்து புதிய குறிப்பு வந்தது: ஹெட்போனின் இரண்டு பக்கத்தையும் ஒவ்வொரு பிள்ளையிடமும் தனித்தனியாகக் கேட்டுச் சோதிக்க வேண்டும். யார் சொல்லி வந்தது என்று அதில் இல்லை. அந்தப் பெண்ணின் மதிப்பெண்ணைப் பற்றியும் எதுவும் இல்லை. தேறாத ஆசிரியர்கள் புதிதாகப் பதிந்து மறுபடி எழுதலாம் என்று கீழே ஒரு வரி இருந்தது. அக்கா அதைப் படித்துவிட்டு, சாப்பாட்டு மேஜையில் தங்கையின் பழைய லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்தாள்.

"நீ பேசாதே" என்றாள். "பக்கத்துல மட்டும் இரு."

இவள் இருந்தாள். நாலைந்து நாள் அப்படியே போனது. அக்காவின் கை தயங்கும்போதெல்லாம் இவளுக்கு நாக்கு நுனிவரை வார்த்தை வரும், விழுங்கிக்கொள்வாள். எப்படிப் பழகினாளோ, அக்கா இப்போது முதலில் அமுக்கிவிட்டுப் பிறகு படித்தாள். அந்தச் சுற்றில் தேறியும்விட்டாள். பச்சை எழுத்தைப் பார்த்ததும் சந்தோஷப்படவெல்லாம் இல்லை. "இனிமே என் வகுப்பை நானே பாத்துக்குவேன்" என்று சொல்லிவிட்டு, குழம்பு சூடாக்கப் போனாள்.

பள்ளி திறந்ததும் அக்காவின் பள்ளி ஆசிரியர்கள் சந்தேகத்துக்கு அவளையே தேடி வர ஆரம்பித்தார்கள். விஷயம் அலுவலகத்துக்கும் எட்டியது. அதிகாரி இவளைக் கூப்பிட்டு, பயிற்சிக்கு உதவியாக அக்காவையும் அனுப்பினால் என்ன என்று கேட்டார். இவள் வீட்டுக்கு வந்து, செருப்பைக் கூடக் கழற்றாமல் நாற்காலியில் சாய்ந்தபடி அதைச் சொன்னாள்.

அக்கா சிரித்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு சிரித்த சிரிப்பு. "நல்லா இருக்குடி கதை. எனக்கு வகுப்பு இருக்கு."

"எனக்கும் இருந்துச்சுக்கா."

அக்காவின் சிரிப்பு அடங்கியது. எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"திரும்பப் போகணும்னு எழுதிக் கொடுத்தியா?"

"கொடுத்தேன். போன வருஷமும் கொடுத்தேன்."

"என்ன சொல்றாங்க?"

"அஞ்சாம் வகுப்புக்கும் கம்ப்யூட்டர் தேர்வு வருதாம். அது முடியட்டும்னாங்க."

அக்கா குனிந்து, சின்ன வயதில் செய்தது போல, தங்கையின் செருப்பு வாரை அவிழ்த்துக் கழற்றி ஓரமாக வைத்தாள்.

"நாளைக்கு எந்த ஸ்கூல்?"

"ரொம்ப தூரம். ரெண்டு பஸ் மாறணும்."

"சரி. முகம் கழுவிட்டு வா, சாப்பிடலாம்" என்றாள் அக்கா. "டப்பா நான் கட்டி வைக்கிறேன்."