பேசாமலே சம்பளம் ஏறிய இல்போ

எங்கள் ஹாபலம்பியில் வாயாடி என்று பெயர் வாங்குவது மிகச் சுலபம். பஸ் ஸ்டாப்பில் பக்கத்தில் நிற்பவரிடம் "இன்னைக்குக் குளிரு" என்று சொல்லிவிட்டால் போதும். ஒன்று குடித்திருக்கிறான், இல்லாவிட்டால் ஹெல்சிங்கிக்காரன் என்று முடிவு கட்டிவிடுவார்கள். பின்லாந்து முழுக்கவே பேச்சுக்குப் பஞ்சம்தான் என்றாலும், எங்கள் ஊரில் அந்தப் பஞ்சத்தைப் பெருமையாக வளர்த்து வைத்திருக்கிறோம். இப்படிப்பட்ட ஊரிலேயே "பாவம், அவருக்குப் பேச்சு கொஞ்சம் குறைவு" என்று பெயரெடுத்தவர் இல்போ தீலிக்கைனென்.

பதினெட்டு வருஷம் மரம் ஏற்றும் லாரி ஓட்டினார். காட்டுக்குள் தனியாகப் போய், தனியாக ஏற்றி, தனியாகத் திரும்புகிற வேலை. ரேடியோவைக்கூடப் போட மாட்டார். மனிதர் அந்தப் பதினெட்டு வருஷமும் சந்தோஷமாக இருந்தார். அதை யாரிடமும் சொல்லவில்லை, அவ்வளவுதான். பதினெட்டு வருஷத்தில் ஒரு புகாரும் சொல்லாத ஆளைப் பார்த்துக் கம்பெனிக்கு மனம் உருகிவிட்டது. தூக்கி ஆபீஸில் உட்கார வைத்து, நாற்பது லாரி ஓட்டுநர்களின் புகார்களை நாள் முழுக்க போனில் கேட்கும் வேலையைக் கொடுத்தார்கள். பதவி உயர்வாம்.

பத்து வருஷத்தில் அவருடைய இடது கண்ணிமை துடிக்க ஆரம்பித்தது. தூக்கம் போயிற்று. கம்பெனி டாக்டரம்மா கேட்டார்: "மன அழுத்தம் ஏதாவது இருக்கா?"

இல்போ யோசித்தார். "எல்லாருக்கும் இருக்கறதுதான்" என்றார்.

டாக்டரம்மாவும் எங்கள் ஊர்க்காரர்தான். "மிகக் கடுமை" என்று எழுதிக்கொண்டார். இப்படியே போனால் அறுபதைப் பார்க்க மாட்டார் என்று அவருடைய மனைவி தார்யாவைக் கூப்பிட்டுத் தனியாகவும் சொல்லி அனுப்பினார். இல்போவுக்கு அப்போது ஐம்பத்திரண்டு.

அந்தக் குளிர்காலத்தில்தான் இரண்டு வேலைகள் ஒரே வாரத்தில் அவரைத் தேடி வந்தன.

முதல் வேலை ஏரிக்குள் வந்தது. பனிக்கட்டியை வெட்டித் திறந்த குழியில் புதன்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் முங்குகிற கூட்டத்தில் இல்போவும் உண்டு. ஊர் நூலகத்தின் தலைவி ஔலிக்கியும் உண்டு. இருவரும் ஒரே பள்ளிக்கூடம், ஒரே வகுப்பு. கழுத்தளவு தண்ணீரில், தலையில் கம்பளித் தொப்பியோடு நின்றபடி ஔலிக்கி சொன்னாள்:

"நூலக வண்டி ஓட்டறவர் ஏப்ரல்ல ரிட்டயர் ஆகறார். உன்கிட்ட பெரிய வண்டி லைசென்ஸ் இருக்குல்ல?"

"இருக்கு" என்றார் இல்போ.

"சம்பளம் கம்மி."

"ம்ம்."

அதோடு பேச்சு முடிந்தது. சவுனா என்கிற நீராவிக் குளியல் அறைக்குள் போய் உட்கார்ந்த இல்போவுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. குளிரால் அல்ல. புத்தகங்களை ஏற்றிக்கொண்டு கிராமம் கிராமமாகப் போகும் பஸ். ஏறுகிறவர்கள் பேச மாட்டார்கள், புத்தகங்களும் பேசா. இதைவிடச் சொர்க்கம் ஏது? தான் மனதார ஒப்புக்கொண்டுவிட்டதாக அவர் நினைத்தார். அந்த "ம்ம்" அவர் வாழ்க்கையிலேயே உற்சாகம் மிகுந்த "ம்ம்".

இரண்டாவது வேலை கம்ப்யூட்டர் திரையில் வந்தது. கம்பெனியை ஸ்வீடன் நாட்டு ஸ்டாக்ஹோம்காரர்கள் வாங்கி ஒரு வருஷம் ஆகியிருந்தது. புது முதலாளி நிக்லாஸ் நல்ல மனிதர், சிரித்த முகம், நிறுத்தாத வாய்.

"இல்போ! வடக்கு முழுக்க இனிமே உங்க கையில. மூணு டிப்போ, நூத்தி இருபது லாரி, டைரக்டர் பதவி. மாசம் ஆறாயிரத்தி இருநூறு யூரோ. என்ன சொல்றீங்க?"

வேண்டாம் என்று சொல்ல வேண்டும். ஆனால் ஒருவர் அன்பாகக் கேட்கும்போது உடனே வேண்டாம் என்பது எங்கள் ஊரில் மரியாதை இல்லை. கொஞ்ச நேரமாவது யோசித்த பிறகுதான் மறுக்க வேண்டும். அதோடு வாக்கியத்தை ஸ்வீடிஷில் கட்ட வேண்டும். பள்ளியில் படித்ததில் எழுபது சொல்தான் மிச்சம் இருந்தது. இல்போ திரையையே பார்த்துக்கொண்டு கட்டத் தொடங்கினார்.

ஸ்டாக்ஹோமில் நான்கு விநாடி யாரும் பேசாவிட்டால் யாருக்கோ கோபம் என்று அர்த்தம். நிக்லாஸ் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

"சரி, சரி, புரியுது. உங்க அனுபவத்துக்கு இது பத்தாது. ஆறாயிரத்தி எண்ணூறு!"

இல்போ திடுக்கிட்டார். கட்டிய வாக்கியம் சரிந்துவிட்டது. மறுபடி முதலிலிருந்து கட்டினார்.

"கார் உண்டு. எலெக்ட்ரிக் கார்."

இல்போவின் இடது இமை துடித்தது.

"யப்பா! ஏழாயிரத்தி ஐநூறு. இதுக்கு மேல என்னால முடியாது. எத்தனையோ பேர்கிட்ட பேரம் பேசியிருக்கேன், உங்கள மாதிரி கல்நெஞ்சக்காரர நான் பார்த்ததில்ல!"

வாக்கியம் இப்போது தயாராகியிருந்தது. இல்போ வாயைத் திறந்தார். நிக்லாஸ் இரண்டு கையையும் தூக்கிவிட்டார். "வேண்டாம், ஒண்ணும் சொல்லாதீங்க! காகிதம் அனுப்பறேன். பொறுமையா கையெழுத்துப் போடுங்க." திரை அணைந்தது.

காகிதம் வந்தது. இல்போ அதைப் பிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டினார். தார்யா பல் டாக்டரிடம் உதவியாளர். நாள் முழுக்க, திறந்தும் பேச முடியாத வாய்களைப் பார்த்துவிட்டு வருகிறவள். காகிதத்தைப் படித்தாள். ஏரியில் நடந்ததையும் கேட்டுக்கொண்டாள்.

"நீ என்ன சொல்ற?" என்றார் இல்போ.

டாக்டரம்மா சொன்னது அவள் தொண்டைக்குழி வரை வந்து நின்றது. புத்தக வண்டிதான், வேறென்ன, என்று கத்த வேண்டும் போலிருந்தது. ஆனால் புருஷன் வேலையில் மூக்கை நுழைக்கலாமா? "நீயே முடிவு பண்ணு" என்றாள்.

ஏழாயிரத்து ஐநூறை விட்டால் தார்யா மனம் வருந்துவாளோ என்று இல்போ இரண்டு ராத்திரி புரண்டார். மூன்றாம் நாள், இல்லை, புத்தக வண்டிதான் என்று தீர்மானித்துவிட்டார். ஔலிக்கி முறைப்படி சொல்லி அனுப்பட்டும் என்று காத்திருந்தார். நகராட்சி இணையத்தில் விண்ணப்பம் கேட்டு விளம்பரம் வந்தது; பார்த்தார். போடவில்லை. ஔலிக்கி மனதில் வேறு ஆள் இருந்தால், தன் விண்ணப்பத்தைப் பார்த்து அவளுக்குத் தர்மசங்கடம் ஆகிவிடாதா?

ஆறு வாரம் புதனும் ஞாயிறும் இருவரும் கழுத்தளவு தண்ணீரில் பக்கத்துப் பக்கத்தில் நின்றார்கள்.

"தண்ணி நல்லா இருக்கு" என்பாள் ஔலிக்கி.

"ஆமா" என்பார் இல்போ.

ஏப்ரல் முதல் வாரம் உள்ளூர்ப் பத்திரிகையில் போட்டோ வந்தது. நூலக வண்டி முன்னால் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு நின்றவன் ரவுனோ, கரேலியாவிலிருந்து வந்தவன். அந்தப் பக்கத்துக்காரர்கள் தூக்கத்திலும் பேசுவார்கள் என்று எங்கள் ஊரில் நம்பிக்கை.

இல்போ நேராக நூலகத்துக்குப் போனார். ஔலிக்கி காபியும் ஏலக்காய் பன்னும் வைத்தாள். பன்னில் பாதி தீர்ந்தது.

"ரவுனோவுக்குக் குடுத்துட்ட" என்றார் இல்போ.

"அவன் மட்டும்தான் விண்ணப்பம் போட்டான். பதினோரு பக்கம்." ஔலிக்கியின் முகம் சிவந்தது. "உனக்கு வேணுமா அது?"

"வேணும்."

"நீ யோசிச்சிட்டு இருக்கேன்னு நெனச்சேன். நடுவுல கேட்டா நெருக்கற மாதிரி ஆயிடும்ல?"

"நான் விண்ணப்பம் போட்டா உன்ன நெருக்கற மாதிரி ஆயிடும்னுதான்..."

இரண்டு பேரும் காபிக் கோப்பைக்குள் பார்த்தார்கள். ஒரு நல்ல காரியத்தைக் கெடுக்க எங்கள் ஊரில் கெட்டவர்கள் யாரும் வேண்டியதில்லை. இரண்டு நாகரிகமான ஆட்கள் போதும்.

வீட்டுக்கு வந்து பிரிட்ஜ் கதவிலிருந்த காகிதத்தில் கையெழுத்துப் போட்டார் இல்போ.

டைரக்டர் ஆனதும் மூன்று போன் கொடுத்தார்கள். வலது கண்ணிமையும் துடிக்க ஆரம்பித்தது; இடதுக்குத் துணை கிடைத்தது என்று வையுங்கள். கம்பெனியில் அவர் புகழ் வானத்துக்கு ஏறியது. பேரத்தில் அசையாத இல்போவை ஸ்டாக்ஹோமுக்கு வரவழைத்து, ஐம்பது மேனேஜர்களுக்குப் பேரம் பேசும் கலை பற்றி வகுப்பு எடுக்கச் சொன்னார்கள். மேடையேறிய இல்போவுக்கு முதல் வாக்கியம் மறந்துபோயிற்று. இரண்டு நிமிஷம் அப்படியே நின்றார். ஐம்பது பேரும் எழுந்து கை தட்டினார்கள். ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டாராம்.

வீட்டில் புதுச் சமையலறை வந்தது. அடுப்புக்கே தனியாக ஒரு கம்ப்யூட்டர்.

"சமையலறை நல்லா இருக்கு" என்றாள் தார்யா ஒரு நாள். வெகு நேரம் கழித்து, "உன்னத்தான் அதுல பார்க்க முடியல" என்றாள். அவளைப் பொறுத்தவரை அது பெரிய சண்டை.

செவ்வாய்க்கிழமை மட்டும் டாக்டரம்மா உத்தரவுப்படி வீட்டிலிருந்து வேலை. அன்று நாலு மணி பத்து நிமிஷத்துக்கு நூலக வண்டி அவர் தெருமுனையில் வந்து நிற்கும். இல்போ ஏறி, கடைசி அலமாரிக்குப் பக்கத்தில் இருக்கிற சின்ன இருக்கையில் உட்காருவார். தகரக் கூரையோ என்னவோ, அந்த மூலையில் போன் எடுக்காது. கால் மணி நேரம் எந்த இமையும் துடிக்காமல் இருக்கும். கையில் கிடைத்த புத்தகத்தோடு இறங்கிப் போவார். ஒன்றையும் படித்ததில்லை.

மறு வருஷம் ஏப்ரலில் ஒரு செவ்வாய்க்கிழமை, ரவுனோ ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தான்.

"என்னால முடியல டைரக்டரே! நேத்து ஒரு ஸ்டாப்புல பதினோரு பேர் ஏறினாங்க, பதினோரு பேர் இறங்கினாங்க. ஒரு வார்த்தை! ஒரே ஒரு வார்த்தை பேசலாம்ல? நான் ஜோக்கு சொன்னா புத்தகத்துக்குப் பின்னாடி போய் ஒளிஞ்சிக்கறாங்க. டாக்டர் எனக்கு மன அழுத்தம்னு எழுதிக் குடுத்துட்டாரு. ஜூன்ல ஹெல்சிங்கிக்குப் போய் டாக்ஸி ஓட்டப் போறேன். ஔலிக்கி வேற ஆள் தேடறாங்க." பெருமூச்சு விட்டான். "உங்ககிட்டப் போய் இதெல்லாம் சொல்றேன் பாருங்க. உங்களுக்கு என்ன, ராஜா மாதிரி வேலை."

இல்போ வாக்கியத்தைக் கட்டத் தொடங்கினார். இந்த முறை தாய்மொழிதான், இருந்தாலும் நேரமாயிற்று. ரவுனோ மணியைப் பார்த்தான். "நேரமாச்சு டைரக்டரே." இல்போ இறங்கினார். கதவு மூடியது. வண்டி நகர்ந்து, பிர்ச் மரங்கள் நிற்கும் வளைவை நெருங்கும்போது வாக்கியம் முழுசாக வந்து நாக்கில் நின்றது.

இல்போ ஓடினார். உருகிய பனிச் சேற்றில், வீட்டுச் செருப்போடு, கையில் பின்னல் வேலைப் புத்தகத்தோடு ஓடினார். எங்கள் தெருவில் ஒருவர் ஓடுவது நாற்பது வருஷத்தில் இதுதான் முதல் தடவை. ஆறு வீட்டு ஜன்னல் திரைகள் விலகின. பக்கத்து வீட்டு எஸ்தேரி தீயணைப்பு நிலையத்துக்குப் போன் போட்டுவிட்டாள்.

வண்டி நின்றது. கதவு திறந்தது.

"அந்த வேலை," என்றார் இல்போ, மூச்சு வாங்க. "எனக்கு. வேணும். எனக்குத்தான் வேணும்!"

எங்கள் ஊருக்கு வந்து ரவுனோ வாயடைத்துப் போனது அந்த ஒரு தடவைதான். பேசாமல் தன் போனில் ஔலிக்கியைக் கூப்பிட்டு அவர் கையில் கொடுத்தான். இல்போ மறுபடி சொன்னார், இந்த முறை இன்னும் சத்தமாக. மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் வந்தது.

"விண்ணப்பம் இன்னைக்கே போடு இல்போ" என்றாள் ஔலிக்கி. "நான் உன்ன நெருக்கறேன். புரியுதா? நெருக்கறேன்!"

மே மாதக் கடைசியில் நகராட்சிக் கடிதம் வந்தது. அன்று சாயங்காலம் புதுச் சமையலறையில் நின்றபடி நிக்லாஸைக் கூப்பிட்டார். தார்யா எதிரே உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள்.

"நிக்லாஸ், நான் வேலையை விடறேன்" என்றார் இல்போ. ஸ்வீடிஷில் தப்பில்லாமல் வந்தது. அதற்கு மேல் சொல்ல அவரிடம் ஒன்றும் இல்லை. ஆனால் சொன்னதும் வைத்துவிடுவது மரியாதை இல்லையே. காதில் போனோடு நின்றார்.

ஒரு விநாடி, இரண்டு, மூன்று.

"எட்டாயிரத்தி ஐநூறு!" என்று கத்தினார் நிக்லாஸ். சமையலறை முழுக்கக் கேட்டது.

இல்போ அடுத்த வாக்கியத்தைக் கட்டத் தொடங்கினார்.

"ஒன்பதாயிரம்! இல்போ, என்னைக் கொல்லாதீங்க!"

இல்போவின் இரண்டு இமைகளும் துடித்தன. தார்யா அதைப் பார்த்தாள். கத்தியை வைத்தாள். ஈரக் கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு வந்து அவர் காதிலிருந்த போனைப் பிடுங்கினாள். இருபத்தாறு வருஷத் தாம்பத்தியத்தில் அவள் பிடுங்கிய முதல் பொருள் அது.

"அவருக்கு வேண்டாம்!" என்று சுத்தமான எங்கள் ஊர் பின்னிஷில் போட்ட சத்தம் ஸ்டாக்ஹோமுக்குப் புரிந்ததோ இல்லையோ, போனை அணைத்துவிட்டாள்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அடுப்புக் கம்ப்யூட்டர் என்னமோ கேட்டது.

"ஒன்பதாயிரம்னான், கேட்டுச்சா?" என்றார் இல்போ.

"கேட்டுச்சு."

"போன வருஷம் நான் உன்னக் கேட்டப்போ, இத சொல்லியிருக்கலாமே."

தார்யாவின் கண் கலங்கியிருந்தது. திரும்பிப் போய் மீதி உருளைக்கிழங்கை எடுத்துக்கொண்டாள்.

"யோசிச்சிட்டு இருந்தேன்" என்றாள்.