துருத்தியின் மேல் உட்கார்ந்தவன்

பழைய கிரேக்கத்தின் சிக்கியோன் நகரத்து வெண்கலப் பட்டறையில் டெக்சியோஸுக்கு இருபது வருஷமாக ஒரே வேலை. வார்த்தெடுத்த சிலையில் ஓட்டை விழுந்த இடத்தைச் சதுரமாக வெட்டி, அளவான வெண்கலத் துண்டை அடித்து இறக்கி, ஒட்டு தெரியாமல் தேய்க்க வேண்டும். ஓட்டைகளுக்கெல்லாம் காரணம் பட்டறைக்காரர் எவாந்தஸின் அவசரம். மண் அச்சுக்குள் இருக்கும் மெழுகு உருவம் சூட்டில் உருகி வெளியேறியதும், அச்சு முழுசாக வேகும் முன்பே உலோகத்தை ஊற்றிவிடுவார். அச்சில் மிச்சமிருக்கும் ஈரம் உள்ளே கொப்பளித்து ஓட்டை போட்டுவிடும்.

மல்யுத்த வீரன் சிலையின் மார்பில் மட்டும் நாற்பத்தொரு ஓட்டை.

"அண்ணே, இது சிலையா, சல்லடையா?"

"அடைக்கத்தான் நீ இருக்கியே!" என்று சிரித்தார் எவாந்தஸ்.

அடுத்து கால்களை வார்க்க வேண்டும். அன்றும் அச்சு வேகவில்லை. டெக்சியோஸ் நேரே போய் உலைக்குக் காற்று ஊதும் துருத்தியின் மேல் உட்கார்ந்துவிட்டான்.

"எந்திரிடா!"

"மாட்டேன். அச்சு இன்னும் ரெண்டு நாள் வேகட்டும். அடைச்சு அடைச்சே என் தோள்பட்டை போச்சு, கண்ணு போச்சு. இல்லேன்னா உங்க ஓட்டைய நீங்களே அடைச்சுக்குங்க."

எவாந்தஸ் கத்தினார், கெஞ்சினார். அவன் அசையவில்லை. அவன் மனைவி மிர்ட்டோ பார்லி ரொட்டியை அங்கேயே கொண்டுவந்து கொடுத்தாள்.

மூன்றாம் நாள் வார்த்த கால்களில் மூன்றே ஓட்டை. எவாந்தஸ் அவற்றைத் தடவிப் பார்த்து, வந்தவர்களிடமெல்லாம், "என் கைராசியப் பாத்தீங்களா!" என்றார்.

டெக்சியோஸ் அந்த மூன்றையும் அடைத்து முடித்து, உளியைப் போட்டுவிட்டுப் பொழுது சாயும் முன்பே வீட்டுக்குப் போனான். "கைராசியாம்!" என்று மிர்ட்டோவிடம் பத்துத் தடவையாவது சொல்லியிருப்பான்.