நூறு வானம், ஏழு மழை

கனகலட்சுமி படிக்கிற காலத்தில் வாங்கிய அடிகளில் பாதி வானத்தால் வந்தவை. ஜன்னலோரம் உட்கார்ந்தால் மேகம் பார்ப்பாள். மேகம் பார்த்தால் பாடம் போய்விடும். நடு பெஞ்சுக்கு மாற்றினார்கள், அங்கிருந்தும் கழுத்தை நீட்டினாள். செல்லூரில் தறிச்சத்தம் ஓயாத சந்தில், இரண்டு மாடிகளுக்கு நடுவே துண்டு அகலத்துக்குத் தெரிந்த வானமே அவளுக்குப் போதுமானதாக இருந்தது. இப்படிப்பட்டவள் கம்ப்யூட்டர் படித்து, பி.எட். முடித்து, டீச்சராகவே ஆகிவிட்டதை அவளை அடித்தவர்கள் கேள்விப்பட்டால் நம்ப மாட்டார்கள்.

இப்போது முப்பத்தெட்டு வயது. செக்கானூரணிக்கு மேற்கே ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் தற்காலிகக் கம்ப்யூட்டர் டீச்சர். தற்காலிகம் என்றால் ஆறு வருடத் தற்காலிகம். ஏப்ரலில் வேலை முடிந்துவிடும், ஜூனில் மறுபடி கூப்பிட்டால் உண்டு. நிரந்தர வேலைக்கான தேர்வை இரண்டு முறை எழுதி, இரண்டு முறையும் சொற்ப மதிப்பெண் வித்தியாசத்தில் கோட்டைவிட்டாள். அப்புறம் விண்ணப்பமே போடவில்லை. எப்படியும் கிடைக்காது என்று வருடாவருடம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். வருடாவருடம் அது சரியாகவும் இருந்தது.

காலையில் ஆரப்பாளையத்தில் உசிலம்பட்டி பஸ் ஏறுவாள். ஜன்னல் சீட் கிடைத்துவிட்டால் அன்றைக்கு அவள் மகாராணி. நாகமலை கூடவே வரும், அதன் முதுகில் மேகம் உட்காரும், எழும், யோசித்து மறுபடி உட்காரும். அதைப் பார்த்தபடியே இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப்போய், வெயிலில் திரும்பி நடந்த நாட்களும் உண்டு. கண்டக்டருக்கு அவளை நன்றாகத் தெரியும். "டீச்சர், ஊரு வந்துருச்சு, மேகத்துல இருந்து எறங்குங்க" என்பார்.

இந்த வருடம் எட்டாம் வகுப்புக்குக் கோடிங்கும் செயற்கை நுண்ணறிவும் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்றார்கள். கையேட்டில் நாய்ப் படத்தையும் பூனைப் படத்தையும் காட்டி இயந்திரத்தைப் பழக்கும் பயிற்சி இருந்தது. பிள்ளைகளுக்கு அதில் ருசியில்லை.

"நாயப் பாத்தா நாய்னு எங்களுக்கே தெரியும் டீச்சர். அதுக்கு எதுக்கு மெஷினு?" என்றாள் முனீஸ்வரி. முன்வரிசைக்காரி, வாய் கொஞ்சம் நீளம்.

"சரி, உங்களுக்குத் தெரியாதது என்ன இருக்கு?"

"மழை வருமா வராதான்னு எங்க ஊர்ல யாருக்குமே தெரியாது."

கனகலட்சுமி ஜன்னலைப் பார்த்தாள். அப்படித்தான் அது தொடங்கியது.

தினமும் மூன்றாவது பீரியடில் வகுப்பே மைதானத்துக்கு வரும். அதே வேப்பமரத்தடி, அதே திசை, வானத்தை ஒரு படம். மறுநாள் அந்தப் படத்துக்குப் 'பெய்தது' அல்லது 'பெய்யவில்லை' என்று பெயர் வைப்பார்கள். லீவு நாட்களில் முனீஸ்வரி அங்கேயே வந்து அப்பா போனில் எடுத்துவைப்பாள். படம் எடுக்க ஒரு நிமிடம் போதும். ஆனால் நிமிர்ந்த முப்பது தலைகளும் உடனே குனிவதில்லை. பருந்து ஒன்று வட்டம் போடும். வெள்ளைமேகம் இருக்கிற இடத்திலேயே மெல்லக் கரையும். யாரும் பேச மாட்டார்கள். வானத்தைப் பார்க்கச் சொல்லிச் சம்பளமும் கொடுக்கிற ஒரு வேலை இந்த உலகத்தில் இருக்கிறது, அது தனக்குக் கிடைத்திருக்கிறது என்று நினைக்கும்போது கனகலட்சுமி பிள்ளைகளை உள்ளே கூப்பிட மறந்துபோவாள்.

புரட்டாசியில் நூறு வானம் சேர்ந்தது. இயந்திரத்தைப் பழக்கி, பெயரை மறைத்து, ஒவ்வொரு படமாகக் காட்டிக் கேட்டார்கள். நூற்றுக்குத் தொண்ணூற்று மூன்று சரி. வகுப்பே மேசையைத் தட்டியது. தலைமையாசிரியர் இம்மானுவேல் சார் தல்லாகுளத்தில் நடக்கப்போகும் பள்ளிகளுக்கான அறிவியல் கண்காட்சிக்கு அன்றைக்கே பெயர் கொடுத்துவிட்டார்.

"பரிசு மட்டும் வரட்டும். அப்புறம் அடுத்த ஜூன்ல உங்களக் கூப்பிடறதுக்கு நான் யார்கிட்டயும் கெஞ்ச வேண்டியதில்ல" என்றார். ஆறு வருடத்தில் அந்தப் பள்ளியில் அவள் கேட்ட மிக நல்ல சொல் அதுதான்.

கண்காட்சிக்கு நான்கு நாள் இருக்கும்போது முனீஸ்வரியின் அப்பா விருமாண்டி வந்தார். செருப்பை வெளியே விட்டுவிட்டு, கம்ப்யூட்டர் அறை வாசலில் நின்றார்.

"டீச்சர், சோள விதை ஒரு வாரமா வீட்லயே கெடக்கு. பக்கத்துக் காட்டுக்காரன் எல்லாம் வெதச்சுட்டான். பிள்ள தெனமும் வந்து மெஷினு பெய்யாதுன்னு சொல்லிருச்சுங்குது. அம்புட்டுப் படிச்ச மெஷினுன்னு நானும் இருந்துட்டேன். நாளைக்காச்சும் வெதைக்கலாமான்னு கேட்டுச் சொல்லுங்க."

கனகலட்சுமி நாற்காலியில் உட்கார்ந்து இயந்திரத்துக்குப் படங்களை ஒவ்வொன்றாகக் காட்டினாள். நீல வானம்: பெய்யாது. வெள்ளைமேகம்: பெய்யாது. ஆவணியில், படம் எடுத்துவிட்டு எல்லாரும் நனைந்துகொண்டே ஓடிவந்த அந்தக் கருமேகம்: பெய்யாது. மழை பெய்த ஏழு நாட்களுக்கும் அதே பதில்தான். தொண்ணூற்று மூன்று நாள் மழை இல்லாத ஊரில், எதையும் பார்க்காமல் 'பெய்யாது' என்று சொன்னாலே தொண்ணூற்று மூன்று கிடைத்துவிடும். இயந்திரம் மேகத்தைக் கற்கவில்லை. இல்லை என்று சொல்ல மட்டும் கற்றிருந்தது.

"அண்ணே, இது என்னைக்கும் பெய்யாதுன்னுதான் சொல்லும். தப்பு என்னோடது, நான் பாக்கல. இத நம்பாதீங்க."

விருமாண்டி கோபப்படுவார் என்று பயந்தாள். அவர் உள்ளே எட்டித் திரையைப் பார்த்தார்.

"பெய்யாதுன்னு சொல்றதுக்கா டீச்சர் கரண்டு செலவு? அதுக்கு எங்க ஊரு டீக்கடையில ஆளு இருக்கே" என்று சிரித்தார். "பெய்யாதுன்னே இருந்தா எவனும் வெதைக்க முடியாது. நான் நாளைக்கு வெதைக்கிறேன். வாரேன்."

மறுநாள் வகுப்பில் நடந்ததை அப்படியே சொன்னாள். வகுப்பு வாடிப்போயிற்று. முனீஸ்வரிதான் முதலில் வாயைத் திறந்தாள். "அப்ப அந்த ஏழு வானத்தையும் திருப்பித் திருப்பிக் காட்டுவோம் டீச்சர். வெயில் நாளு எத்தன இருக்கோ அத்தன தடவ. அதுக்கு மழைன்னு ஒண்ணு இருக்குறது தெரியட்டும்."

இரண்டு நாள் அதையே செய்தார்கள். இப்போது இயந்திரம் தயங்கித் தயங்கி 'பெய்யும்' என்றது. பல நாள் வீணாகவும் சொன்னது. நூற்றுக்கு அறுபத்தெட்டுதான் சரி. ஆனால் ஏழு மழையில் ஐந்தைக் கண்டுபிடித்திருந்தது.

இம்மானுவேல் சார் தலையில் கைவைத்தார். "தொண்ணூத்து மூணக் கையில வச்சுக்கிட்டு அறுபத்தெட்டக் கொண்டுபோறேங்கிறீங்களே. உங்க வேலைக்காகத்தானே சொல்றேன்."

"தெரியும் சார். அந்தத் தொண்ணூத்து மூணுக்கு ஒருத்தர் வெதைக்காம ஒக்காந்திருந்தாரு."

அவர் கண்காட்சித் தாளில் தொண்ணூற்று மூன்றை அடித்துவிட்டு அறுபத்தெட்டு என்று எழுதினார்.

தல்லாகுளத்தில் பக்கத்து மேசையில் தொண்ணூற்றேழு என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. நடுவர் ஒருவர் அறுபத்தெட்டைப் பார்த்தார், முனீஸ்வரி விளக்கியதைப் பாதி கேட்டார், நகர்ந்துவிட்டார். பரிசு இல்லை. கனகலட்சுமிக்கு அழுகை வந்தது, அடக்கிக்கொண்டாள்.

திங்கட்கிழமை காலை பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்தது. போனில், நிரந்தர வேலைத் தேர்வுக்கு விண்ணப்பிக்க அன்றே கடைசி நாள் என்று அறிவிப்பு வந்து கிடந்தது. எப்படியும் கிடைக்காது என்று உடனே உள்ளே ஒரு குரல் சொன்னது. அந்தக் குரலை அவளுக்கு இப்போது நன்றாக அடையாளம் தெரிந்தது. எதையும் பார்க்காமல் சொல்லும். வருடாவருடம் சரியாகவும் சொல்லும். இத்தனை வருடமாக அதை நம்பி விதைக்காமல் கிடந்த தன் விதையை நினைத்தபோது, பரிசு போனபோது அடக்கிய கண்ணீர் இப்போது வந்தது.

நாகமலையின் மேல் கருமேகம் ஒன்று உட்கார்ந்திருந்தது. பெய்யுமோ, பெய்யாதோ. கனகலட்சுமி குனிந்து, விண்ணப்பத்தில் தன் பெயரை அடிக்கத் தொடங்கினாள். நிறுத்தம் வந்ததும் கண்டக்டர் வழக்கம்போலக் குரல் கொடுத்தார்.

"ரெண்டு நிமிசம் இருங்கண்ணே, முடிச்சுட்டு எறங்குறேன்" என்றாள்.