சர்க்கார் கொடியேற்றம்

ஆகஸ்ட் பிறந்தால் எங்கள் தெருக்காரர்கள் என்னைத் தேடி வருவார்கள். ரிட்டயர்டு டீச்சர், கொடியை நீங்களே ஏற்றுங்கள், நாட்டுப்பற்று பற்றி நாலு வார்த்தை பேசுங்கள் என்பார்கள். கள்ளக்குறிச்சி தனி மாவட்டமான பிறகு இந்த ஆர்வம் ஜாஸ்தியாகிவிட்டது. முழங்கால் வலி என்று சொல்லி அனுப்பிவிடுவேன். என் முழங்காலுக்கு ஒரு கேடும் இல்லை. செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, கம்பத்தின் முன்னால் உருகி நிற்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நாட்டின் மேல் எனக்குக் கோபம் இல்லை என்று மழுப்பமாட்டேன். கோபம் இருக்கிறது.

நான் பிறந்தது கல்வராயன் மலையில், வெள்ளிமலையிலிருந்து நடந்து போகிற தூரத்தில் உள்ள ஒரு சின்ன ஊரில். கீழே நாடு விடுதலை வாங்கி ஏறக்குறைய முப்பது வருஷம் ஆகும்வரை எங்கள் மலை ஜாகீர்தார்களிடம்தான் இருந்தது. ஏருக்கு வரி, கூலியில்லாத வேலை, எதிர்த்துப் பேசினால் உதை. ஜாகீர் ஒழிந்த அடுத்த வருஷம்தான் எங்கள் ஊரில் முதன்முதலாக சர்க்கார் கொடி ஏறியது. நான் அப்போது சிறுமி.

ஏற்ற வந்தவர் கீழ்நாட்டு அதிகாரி ஒருவர். மூங்கில் கம்பத்தை மாரியம்மன் கோயிலுக்கு எதிரிலேயே நடச் சொன்னார். அதற்கு நேர் எதிரில்தான் எங்கள் வீடு.

"இன்னிக்கு கொடியேத்தம். எல்லாரும் குளிச்சிட்டு வரணும். எவனும் செருப்பு போட்டுக்கினு வரக் கூடாது" என்றார். செருப்பு என்று ஒன்று எங்கள் ஊரில் அவர் காலில் மட்டும்தான் இருந்தது. தேங்காய் உடைக்கலாமா என்று ஊர்க்கவுண்டர் கேட்டார். "தாராளமா ஒடைங்க, இதுவும் சாமிதான்" என்று பதில் வந்தது. கொடி அவிழ்ந்து பூ கொட்டியபோது நாங்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டோம். அவருக்கு அதில் பெருமை தாங்கவில்லை.

கிளம்பும்போது சொன்னார்: "சாயங்காலம் நானே வந்து எறக்குவேன். அதுக்குள்ள எவனாவது தொட்டான், நேரா ஜெயிலுதான்." வெள்ளிமலைக்குச் சாப்பிடப் போய்விட்டார்.

கொடியேற்றம் என்றால் அவருக்கு என்ன அர்த்தமோ, எங்களுக்கு ஒரே அர்த்தம்தான். மாரியம்மனுக்குக் கொடி ஏறிவிட்டால், அது இறங்கும்வரை ஊர் எல்லையை யாரும் தாண்டக் கூடாது. தாண்டினால் ஊருக்கே ஆகாது. இதுவும் சாமிதான் என்று வாயால் சொல்லிவிட்டுப் போனவர், சாமிக்கு உரிய கட்டுப்பாடும் கூடவே வரும் என்று யோசிக்கவில்லை.

அன்று மத்தியானம் அக்காவுக்கு வலி எடுத்தது. தலைப்பிரசவம். மருத்துவச்சி வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டுக் கையை எடுத்தாள். "புள்ள குறுக்க கெடக்குது. என்னால ஆவாது. கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு போங்க, சீக்கிரம்."

தூளி கட்டித் தூக்க ஆண்கள் வேண்டும். ஆண்கள் இருந்தார்கள். கம்பத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள், எங்கள் அப்பா உட்பட. அம்மா ஊர்க்கவுண்டரிடம் ஓடினாள்.

"கொடிய எறக்கிடுங்க. பொண்ணு செத்துடுவா."

"மாரியாத்தா கொடின்னா ஒரு ஆட்ட வெட்டி, தப்ப மன்னிச்சிக்கோன்னு சொல்லிட்டு எறக்கிடுவேன்மா. இது சர்க்கார் சாமி. இதுக்கு இன்னா பரிகாரம்னு எனக்குத் தெரியலியே."

கெட்டவர் இல்லை அவர். உதைபட்டே வளர்ந்த முதுகு, அவ்வளவுதான். வெள்ளிமலைக்கு ஆள் அனுப்பி அதிகாரியைக் கேட்கலாம் என்று யாரோ சொன்னார்கள். அதற்கும் எல்லையைத் தாண்டியாக வேண்டும். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள். எங்கள் பூசாரி வெள்ளிமலையில் உட்கார்ந்து கோழிக்குழம்பு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பிறகு மழை பிடித்துக்கொண்டது. அவர் வரவில்லை.

வீட்டுக்குள் அக்கா கத்திக்கொண்டே இருந்தாள். வெளிச்சம் மங்கும் நேரத்தில் அவள் சத்தம் குறைந்தது. அப்போதுதான் அம்மா கதிர் அரிவாளை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். கயிற்று முடிச்சு மழையில் இறுகிக் கிடந்தது. அறுத்தாள். ஈரக் கொடியைப் பிழிந்து, மடித்து, கோயில் படியில் வைத்தாள்.

"எறங்கிடுச்சி. ஜெயிலுக்கு நான் போறேன். இப்ப தூக்குங்க."

தூக்கினார்கள். அக்கா பிழைத்தாள். பிள்ளை பிழைக்கவில்லை. மத்தியானமே கொண்டு வந்திருந்தால் இரண்டு உயிரும் தங்கியிருக்கும் என்று டாக்டர் சொன்னதை அப்பா என்னிடம் சொல்லப் பல வருஷம் ஆனது.

அக்காவை வீட்டுக்குத் தூக்கி வந்த மறுநாள் அதிகாரி வந்தார். கயிறு அறுபட்ட சேதி எப்படியோ அவருக்குப் போயிருந்தது. அம்மாவைக் கம்பத்தின் முன்னால் நிறுத்தினார். தான் நிழலில் கட்டில் போட்டு உட்கார்ந்துகொண்டார். தேசத் துரோகம், அவமானம் என்று என்னென்னவோ சொன்னார். பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்பாதான் கையைக் கட்டிக்கொண்டு, கொடி ஏறினால் எல்லை தாண்டாத வழக்கத்தைத் திக்கித் திக்கிச் சொன்னார்.

அந்த ஆள் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

"ஊரத் தாண்டக் கூடாதுன்னு உங்களுக்கு எவன்யா சொன்னான்? அது வெறும் துணிய்யா. இதக் கூடத் தெரிஞ்சிக்காம, காட்டுமிராண்டிங்களா."

அம்மா தலையை நிமிர்த்தினாள். "வெறும் துணின்னா என்னிய எதுக்கு சார் இங்க நிக்க வச்சிருக்கீங்க?"

சிரிப்பு நின்றது. "வாயப் பாரு. இன்னும் ஒரு மணி நேரம் நில்லு" என்றார்.

அம்மா நின்றாள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டுக்குள்ளிருந்து அக்காவின் குரல் வந்தது. அவளுக்கு வெளியில் நடப்பது எதுவும் தெரியாது.

"யம்மா, பால் கட்டிக்கினு வலிக்குது. மார்ல கட்டுன துணி நனஞ்சி போச்சி. வேற துணி குடும்மா."

அம்மா அதிகாரியைப் பார்த்தாள். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இன்னும் நேரம் ஆகவில்லை என்றார்.